கோஷியன் மண்: ஜப்பானியப் பள்ளி பேஸ்பால் பற்றிச் சில கேள்விகள்

ஜப்பானில் ஆகஸ்ட் தோறும் நடக்கும் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க ஒரு நாடே தொலைக்காட்சி முன் உட்காருவது ஏன்?

அங்கே தொழில்முறை லீக் தொடங்கியது 1936இல். பள்ளிப் போட்டி அதற்கு 21 வயது மூத்தது. 1915இல் ஆசாஹி நாளிதழ் ஒசாகாவை அடுத்த டொயோனாகாவில் 10 அணிகளைக் கூட்டி நடத்தியது. இப்போது 47 மாகாணங்களுக்கும் தலா ஓர் இடம். டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் மட்டும் இரண்டு. ஆக 49 அணிகள். ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரைவிட்டுப் போய் நாற்பது வருடம் ஆனவரும் அந்த இரண்டு வாரம் சொந்த மாகாணத்துக்காரராகிவிடுவார்.

கேள்வி: கோஷியன் என்பது ஊர்ப் பெயரா?

இந்தப் போட்டி நடக்கும் மைதானத்தின் பெயர். திறக்கப்பட்ட 1924, அவர்களுடைய அறுபது ஆண்டுச் சுழற்சியில் முதல் ஆண்டு. அந்த ஆண்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் பிரபவ ஆண்டு மூன்று வருடம் பிந்தி, 1927இல் பிறந்தது.

கேள்வி: தோற்ற பையன்கள் அழுதுகொண்டே மண்ணை அள்ளுகிறார்களே, அது என்ன சடங்கு?

யாரும் விதித்த சடங்கு அல்ல. முதலில் அள்ளியவர் யார் என்பதற்கே ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உலவுகின்றன. தோற்ற அணி ஒரு பையில் மைதான மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போகும், அவ்வளவுதான்.

ஆனால் 1958இல் நடந்ததைக் கேளுங்கள். ஒகினாவா அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து முதன்முதலாக கோஷியனுக்கு வந்த ஷுரி பள்ளி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. பையன்கள் மண்ணை அள்ளிக்கொண்டு கப்பலேறினார்கள். ஊர் போய்ச் சேர்ந்தால், வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாது என்று தாவரத் தடுப்புச் சட்டம் குறுக்கே நின்றது. அத்தனையும் கடலில் கொட்டப்பட்டது. செய்தியைக் கேள்விப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள், சட்டம் தடுப்பது மண்ணைத்தானே என்று கோஷியன் கூழாங்கற்களைப் பொறுக்கி அனுப்பிவைத்தார்கள். அந்தக் கற்கள் பதித்த நினைவுச் சின்னம் ஷுரி பள்ளியில் இருக்கிறது. நூறு வருட வரலாற்றில் எனக்குப் பிடித்த பக்கம் இதுதான். இதில் கோப்பையே வருவதில்லை.

கேள்வி: இடையில் நின்றதே இல்லையா?

நின்றிருக்கிறது. 1918இல் அரிசி விலைக் கலவரம், 1941 முதல் 1945 வரை போர், 2020இல் கொரோனா.

கேள்வி: பந்து எறியும் பையன்களின் தோள்பட்டை என்ன ஆகும்? இதையும் பாரம்பரியம் என்பீர்களா?

மாட்டேன். 1998 காலிறுதியில் யோகோஹாமா பள்ளியின் மட்சுசாகா டைசுகே 17 இன்னிங்ஸில் (வழக்கமாக ஒன்பதுதான்) 250 பந்துகள் எறிந்தார். ஒருநாள் விட்டு இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட் (அடித்துவிட்டு ஓடி முதல் தளத்தைத் தொடுவது) கூடக் கொடுக்கவில்லை. காவியம் என்று கொண்டாடினார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவர்கள் எங்கே போனார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஒரு வாரத்துக்கு 500 பந்துகள் என்ற வரம்பு வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த எண்ணிக்கையும் அதிகம்தான்.

கேள்வி: எல்லோரும் மொட்டைத் தலையாக இருப்பது கட்டாயமா?

எழுதாத சட்டமாக இருந்தது. 2023இல் கெய்யோ பள்ளி, முடி வளர்த்த பையன்களோடு வந்து, முந்தைய ஆண்டின் சாம்பியனான செண்டாய் இகுயெய் பள்ளியை இறுதியில் 8-2 என்று வீழ்த்தியது. கெய்யோ அதற்கு முன் வென்றது 1916இல்! இப்போது பல பள்ளிகளில் கிராப்புத் தலைகள் தென்படுகின்றன.

கேள்வி: ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

2006 இறுதி ஆட்டம். ஆனால் அது இரண்டு ஆட்டம். வசேடா ஜிட்சுக்யோ பள்ளியும் கொமாடாய் டொமாகொமாய் பள்ளியும் 15 இன்னிங்ஸ் ஆடி 1-1 என்று நின்றதால், மறுநாள் முதலிலிருந்து ஆடினார்கள். வசேடா 4-3 என்று வென்றது. வசேடாவுக்குப் பந்து எறிந்தவர் சைட்டோ யூகி, எதிரணியில் டனாகா மசாஹிரோ. எல்லாம் முடியும் தறுவாயில் கடைசி ஆளாக மட்டையைப் பிடித்து வந்து நின்றது டனாகாவேதான். சைட்டோ எறிந்த பந்தை வீசி அடித்தார், படவில்லை.