எல்லை தாண்டும் அரிசியும் 'ரத்தத்தில் ஊறிய' குற்றமும்

கேள்வி: எங்கள் தெருவில் நான்கு பையன்கள் ரேஷன் அரிசியை வீடு வீடாக வாங்கி, ஜீப்பில் ஏற்றிக் கேரளத்துக்குக் கடத்துகிறார்கள். இருவர் மீது வழக்கும் இருக்கிறது. (அவர்களுடைய பெயர்களையும் தகப்பனார் பெயர்களையும் கீழே எழுதியுள்ளேன்.) கல்லூரியில் சமூகவியல் படிக்கும் என் மகளோ, குற்றத்துக்குச் சமூகம்தான் காரணம் என்கிறாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? சில குடும்பங்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குவதைத் தவிர இந்தக் கோட்பாடுகளால் என்ன பயன்? (பி.கு.: எங்கள் வீட்டில் ரேஷன் அரிசியை யாரும் சாப்பிடுவதில்லை. வீணாகப் போகிறதே என்று அந்தப் பையன்களிடம்தான் கிலோ பத்து ரூபாய்க்குப் போடுகிறோம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.)
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கம்பம்

பதில்: உங்கள் பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன், கடிதத்தில் சமூகவியலுக்கு மிக நெருக்கமான பகுதி அதுதான். கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்சா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1957-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தவறு செய்கிறவர்களில் பெரும்பாலோர் சமூகத்தின் ஒழுக்க நெறிகளை மறுப்பவர்கள் அல்லர். அவற்றை ஏற்றுக்கொண்டே, தமக்கு மட்டும் ஒரு விலக்குத் தேடிக்கொள்கிறவர்கள் என்பது அவர்களுடைய வாதம். அப்படிச் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை அவர்கள் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவற்றில் ஒன்று. நீங்கள் அதை எந்தப் புத்தகமும் படிக்காமல், கிட்டத்தட்ட அதே சொற்களில் எழுதியிருக்கிறீர்கள். அரசு பணம் கொடுத்துக் கொள்முதல் செய்து, மூட்டை கட்டி, கடை வரை கொண்டுவந்து இலவசமாகக் கொடுக்கும் அரிசி அது. அதைக் கள்ளச் சந்தைக்குக் கொடுப்பது வாங்குகிறவனுக்கு மட்டும் குற்றமாகி, விற்கிறவருக்குச் சிக்கனமாகிவிடாது. அந்த நான்கு பையன்களிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும்: "சார், அவங்க சாப்பிடறதில்ல, நாங்க எடுத்துக்கிறோம், யாருக்கு நஷ்டம்?" ஒரே சமாதானத்தை ஒரே வீட்டு வாசலில் நின்று இருவரும் சொல்லும்போது, ஒருவருக்கு மட்டும் அது ரத்தத்தில் ஊறியது என்பது எப்படிப் பொருந்தும்?

ரத்தத்துக்கு வருகிறேன். பிறவிக் குற்றவாளி என்று ஒரு வகை மனிதர் உண்டு, மண்டை ஓட்டையும் தாடையையும் அளந்து அவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று இத்தாலிய மருத்துவர் லொம்பிரோசோ எழுதியது 1876-இல். இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து மற்றவர்களோடு ஒப்பிட்டு, அப்படித் தனியான உடலமைப்பு எதுவும் இல்லை என்று 1913-இல் சொல்லிவிட்டார். ஆனால் நம் நாட்டை ஆண்டவர்கள் லொம்பிரோசோவுக்காகக் காத்திருக்கவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் அவருக்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1871-இல் வட இந்தியாவில் வந்தது. 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. தனியொருவர் செய்த செயலைக் கேட்காமல், பிறந்த குலத்தைப் பார்த்தே ஆண்களின் கைரேகையைப் பதிவு செய்த சட்டம் அது. இரவில் ஊர்விட்டு ஊர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்த தலைமுறையைப் பற்றி உங்கள் பள்ளத்தாக்கில் இன்றும் பேசுகிறார்கள். ரேகை வைக்க மறுத்த மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதினாறு பேர் இறந்தார்கள். அந்தச் சட்டம் நம் மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் ஒழிந்தது. அதை வரைந்தவர்களுடைய கருத்தும் உங்கள் பழமொழியும் ஒன்றுதான். நூலைப் போல சேலை என்பது நெசவுக்குச் சரி. அதை ஆளுக்குப் பொருத்தி ஆட்சி நடத்தியதன் விளைவைக் கண்ட ஊர்க்காரர் நீங்கள்.

இனி உங்கள் மகள் சொன்னது. "சமூகம்தான் காரணம்" என்று ஒரே வரியில் சொன்னால் அதுவும் பாதித் தேர்ச்சிதான். சமூகவியலாளர்கள் இதில் ஒருவரோடொருவர் சண்டை போட்டவர்கள். ராபர்ட் மெர்ட்டன் 1938-இல் சொன்னது இது: பணம் சேர்ப்பதே வாழ்வின் வெற்றி என்று எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு, அங்கே போகும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைக்கும் சமூகத்தில், வழி அடைபட்டவர்களில் ஒரு பகுதியினர் குறுக்கு வழியைக் கண்டுபிடிப்பார்கள். எல்லையோரத்தில் இதை எளிதாகப் பார்க்கலாம். மலைக்கு இந்தப் பக்கம் விலையில்லாமல் கிடைப்பது, ஆலையில் தீட்டப்பட்டு அந்தப் பக்கம் போனால் நல்ல விலைக்குப் போகிறது. பையனிடம் பட்டம் இருக்கிறது, வேலை இல்லை. செல்பேசியும் மோட்டார் சைக்கிளும் இல்லாதவனை அவன் வயதுக்காரர்கள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஆனால் இதே தெருவில், இதே வறுமையில், அரிசிப் பக்கமே போகாமல் ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பையன்கள் அந்த நால்வரைவிட அதிகம் இருப்பார்களே, அவர்கள் ஏன் போகவில்லை? இந்த இடத்தில் மெர்ட்டன் திணறுகிறார்.

இதற்கு எட்வின் சதர்லாண்ட் சொன்ன பதில் எனக்கு அதிகம் பிடித்தமானது. குற்றம் கற்றுக்கொள்ளப்படுவது, தச்சு வேலையைப் போல, நெருங்கிப் பழகுகிறவர்களிடமிருந்து என்றார் அவர். மலை ஏறும் எந்த மெட்டுப் பாதையில் எந்த நேரத்தில் வண்டியை மறிப்பார்கள், மூட்டையை எந்த அளவில் பிரித்துக் கட்டினால் இருக்கைக்கு அடியில் போகும், பிடிபட்டால் யார் பெயரைச் சொல்லலாம், யார் பெயரைச் சொல்லவே கூடாது என்பதையெல்லாம் எவனும் கருவிலேயே கற்று வருவதில்லை. கைவேலையோடு சேர்த்து, "யாருக்கு நஷ்டம்" என்ற வசனமும் கற்பிக்கப்படுகிறது. தகப்பன் வழியில் பிள்ளை போவது போலத் தெரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ரத்தம் அல்ல, திண்ணைப் பேச்சு.

சதர்லாண்ட் செய்த இன்னொரு காரியம் உங்கள் கடிதத்துக்கு நேராகப் பொருந்துகிறது. கோட்டு போட்டவர்கள், மதிப்புக்குரிய தொழிலதிபர்கள் செய்யும் குற்றங்களை ஏன் யாரும் எண்ணுவதில்லை என்று 1939 டிசம்பரில் தம் சக ஆய்வாளர்கள் நிறைந்த கூட்டத்தில் கேட்டவர் அவர். எழுபது பெரிய நிறுவனங்களின் சட்டமீறல்களைத் தொகுத்து 1949-இல் புத்தகமாக வெளியிட்டபோது, வழக்குக்கு அஞ்சிய பதிப்பகம் நிறுவனங்களின் பெயர்களை நீக்கச் சொன்னது. பெயர்களோடு முழுப் புத்தகமும் வெளிவந்தது 1983-இல். அவர் 1950-இலேயே இறந்துவிட்டார். உங்கள் கடிதத்தில் நான்கு பையன்களின் பெயர்கள் தகப்பனார் பெயரோடு இருந்தன. நான் அவற்றை நீக்கிவிட்டேன். வீட்டுக்கு வீடு சேர்ந்த அரிசியை மொத்தமாக வாங்குகிறவர் யார், தீட்டிப் புதிய சாக்கில் போடும் ஆலை எது, லாரி யாருடையது என்பதைப் பற்றி நீங்களே ஒரு சொல்கூட எழுதவில்லை.

நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஜீப்பை மலையடிவாரச் சோதனைச் சாவடி ஒன்றில் நிறுத்தினார்கள். தூக்குச்சட்டிக்கு அடியில் மஞ்சள் பையில் ஓர் அம்மா ஐந்தாறு கிலோ அரிசி வைத்திருந்தார். காவலர் பையை லத்தியால் குத்திப் பார்த்துவிட்டு, "இறங்குத்தா" என்றார். அந்த அம்மா இறங்கி, பையை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்ப ஏறிக்கொண்டார். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று லாரிகள் போயின. ஒன்றின் தார்ப்பாயையும் யாரும் அவிழ்க்கவில்லை. பிறழ்நடத்தை, அதாவது விதி மீறல் என்று பெயர் வாங்கும் நடத்தை, என்பது செயலில் இருக்கும் குணம் அல்ல, விதியை யார்மீது செலுத்துகிறோம் என்பதன் விளைவு என்று 1963-இல் ஹோவர்ட் பெக்கர் எழுதியதை நான் முழுதாக ஏற்பதில்லை. கொலைக்கும் இதைச் சொல்ல முடியுமா என்ன? ஆனால் அந்த ஜீப்பில் உட்கார்ந்திருந்தபோது அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆந்திர எல்லையிலும் இதே கதைதான், இன்னும் கொடூரமாக: சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று காவல்துறையினர் சுட்டு இறந்த இருபது பேரும் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட தமிழ்நாட்டுக் கூலிகள், கடல் கடந்து மரம் விற்கும் முதலாளி ஒருவரும் அதில் இல்லை.

வழக்குள்ள அந்த இருவரைப் பற்றி மட்டும் ஒன்று. முதல் தவறு வேறு, "அரிசிக்காரன்" என்று பெயரான பிறகு செய்யும் தவறு வேறு என்று எட்வின் லெமர்ட் 1951-இல் பிரித்துக் காட்டினார். ஓட்டுநர் வேலைக்கு எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். அரிசி வியாபாரி மட்டும் வேலை கொடுப்பார். விளக்கம் சொல்வது வக்காலத்து அல்ல. வழக்கு நடக்கட்டும், தண்டனையும் வரட்டும்; நான்கு பெயர்களையும் பத்திரிகையில் போட்டு நானும் அந்த வியாபாரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்க விரும்பவில்லை.

உங்கள் வீட்டில் அரிசி உண்மையாகவே வேண்டாமென்றால், அரிசி அட்டையைச் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ள விதி இருக்கிறது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.