மேல் ரோட்டால் ஏன் சுற்றிப் போகிறீர்கள்?

கேள்வி (சுருக்கம்): மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் சபை இருக்கிறது. பதினான்கு குடும்பங்கள். சபைக் குருவான ஐயருக்கு ஐந்து தோட்டங்கள் பார்க்க வேண்டியிருப்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் நான்தான் வேதபாடம் வாசித்துத் தியானம் சொல்கிறேன். நான் தோட்டப் பாடசாலை ஆசிரியர். சனிக்கிழமை முழுவதும் இதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று வருடமாகிறது. கேட்பவர்கள் யாரும் அதன்படி நடப்பதாகத் தெரியவில்லை. குடிக்கிறவர் குடிக்கிறார், பேசாதவர்கள் பேசாமலே இருக்கிறார்கள். இளம் பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள், வயதானவர்கள் வருவதும் குறைந்துவிட்டது. நானும் சில வாரம் பிந்தித்தான் போய்ச் சேருகிறேன். குறுக்குப் பாதையில் அண்ணன் வீடு இருப்பதால் மேல் ரோட்டால் சுற்றிப் போகவேண்டும். மனைவியும் பிள்ளைகளும் குறுக்குப் பாதையால் முந்திப் போய்விடுவார்கள். அம்மா அண்ணனோடு இருக்கிறார். அம்மாவின் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தால் வந்த மனத்தாங்கல், அது வேறு விஷயம். என் தியானம் சபையாரின் வாழ்க்கையில் பலன் தர நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்றரைப் பக்கத்துக்குச் சபையாரின் குறை. அண்ணனுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து நான்கு வரி. அந்த நான்கு வரியும் ஆராதனைக்கு ஏன் பிந்துகிறது என்று விளக்குவதற்காக எழுதியவை. நான் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

சிறிய சபையில் தியானம் சொல்கிற பலர் இதே கேள்வியை எனக்கு எழுதுகிறார்கள். குரலை எப்படி வைப்பது, எத்தனை நிமிடம் பேசுவது, எந்த உதாரணம் சொல்வது என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். உங்களுக்கு அது ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் வேதப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பெற்ற தாயின் வாசலைத் தவிர்ப்பதற்காக மேல் ரோட்டால் சுற்றிப் போகிறீர்களே, அது பதினான்கு குடும்பத்துக்கும் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

நீங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதுகூடத் தெரியும். கொழுந்து லொறி போகிற ரோட்டில் வெள்ளைச் சட்டையோடு தனியாக நடந்து வருகிற மனிதரைத் தெரியாமலா இருக்கும்? அந்தப் பக்கத்தால் நீங்கள் வருகிறீர்கள். இந்தப் பக்கத்தால் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் வருகிறார்கள். அண்ணன் வீட்டைத் தாண்டும்போது பிள்ளைகள் நிற்காமலா போவார்கள்? இஸ்தோப்புத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அப்பாயி, உங்கள் அம்மா, கூப்பிட்டு ஒரு துண்டு ரொட்டியாவது கையில் கொடுக்காமலா விடுவார்? அந்த ரொட்டியைத் தின்றுகொண்டே வந்து கோயிலில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளைகள் உங்கள் தியானத்தைக் கேட்கிறார்கள். ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பவர்களைப் பற்றி நீங்கள் பேசும்போது அவர்கள் முகத்தை என்றைக்காவது பார்த்தீர்களா?

‘அது வேறு விஷயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு விஷயம் இல்லை தம்பி. நீங்கள் கேட்ட கேள்வியே அதுதான்.

ஆராதனையில் குறித்த பாடங்களை அட்டவணைப்படி வாசிக்கிற சபை என்றால், அது மூன்று வருடச் சுழற்சி. இந்த மூன்று வருடத்துக்குள் மத்தேயு 18-ஆம் அதிகாரம் பெரும்பாலும் உங்கள் கைக்கு வந்திருக்கும். ‘உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், நீ போய்’ என்று தொடங்குகிற இடம். அந்த ஞாயிறு நீங்கள் என்ன சொன்னீர்கள்? பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், நீங்கள் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர். அப்புறம் அதே சுவிசேஷத்தில் 5-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கே குறை இருப்பது சகோதரனுக்கு, உங்கள் மேல். அதற்கும் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் ‘வைத்துவிட்டுப்போய்’ ஒப்புரவாகு என்றுதான் இருக்கிறது. குற்றம் அண்ணனுடையதானாலும் நீங்கள்தான் போக வேண்டும், உங்களுடையதானாலும் நீங்கள்தான் போக வேண்டும். அவன் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பதற்கு இரண்டு இடத்திலும் வழி இல்லை. மேல் ரோட்டால் சுற்றிப் போவதற்கும் இல்லை.

சரி, பணத்துக்கு வருவோம். விவரம் எழுதவில்லை. ஆனாலும் எனக்கு ஓரளவு விளங்குகிறது, இப்படி எத்தனையோ கடிதம் பார்த்துவிட்டேன். அம்மா வேலையிலிருந்து நின்றபோது வந்த பணம் அண்ணன் கைக்குப் போயிருக்கும். மகளின் கல்யாணமோ வீட்டுக் கூரையோ, ஏதோ ஒரு செலவு. உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, பங்கும் தரவில்லை. வயிறு எரிகிறது. எரியத்தான் செய்யும், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்கிறேன். தாய் உயிரோடு இருக்கும்போது அவளுடைய ஈபிஎப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பங்கு என்று ஒன்று கிடையாது. அது அவள் காலை ஆள்கணக்கான பிரட்டுக்குப் போய்ப் பேர் பதிந்து, மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு மலை ஏறி இறங்கிச் சம்பாதித்தது. மாதாமாதம் அவள் சம்பளத்தில் வெட்டிச் சேர்த்தது. மூத்தவனுக்குக் கொடுப்பாள், பேத்திக்குத் தோடு வாங்குவாள், கோயிலுக்குக் கொடுப்பாள், அது அவள் இஷ்டம். அண்ணன் ஏமாற்றி வாங்கினார் என்றால் அது அம்மாவுக்குச் செய்த குற்றம், அம்மாவுக்காக நீங்கள் பேச வேண்டும். அம்மாவுக்காகத்தான் கோபம் என்றால் இந்த மூன்று வருடமும் அம்மாவைப் பார்க்க அடிக்கடி போயிருப்பீர்களே. போகவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எங்கள் மலையகத்தில் ஒரு வீட்டில் தம்பி வாத்தியார் என்றால், பெரும்பாலும் அண்ணன் பாதியில் பள்ளியை விட்டவராக இருப்பார். உங்கள் அண்ணன் எந்த வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தார்? நீங்கள் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும்போது பஸ்ஸுக்குக் காசு யார் கொடுத்தது? கடிதத்தில் இல்லை. நான் நினைப்பது தவறு என்றால் எழுதுங்கள், இதே பக்கத்தில் திருத்திக்கொள்கிறேன். சரி என்றால், அந்தக் கணக்கை ஈபிஎப் கணக்குக்குப் பக்கத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

சனிக்கிழமை முழுவதும் தியானத்துக்குக் கொடுக்கிறேன் என்கிறீர்கள். மாற்கு 7-இல் ‘கொர்பான்’ என்றொரு சொல் வரும். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று பேசியவர்களை இயேசு கண்டித்த இடம். அவர்கள் பொருளைச் சொன்னார்கள். நீங்கள் சனிக்கிழமையைச் சொல்கிறீர்கள். அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க, காலுக்குத் தைலம் தேய்க்க, நகம் வெட்டிவிட அந்தச் சனிக்கிழமையில் அரை மணித்தியாலம்கூட இல்லையா? வயதானவர்கள் கோயிலுக்கு வருவது குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறீர்கள். அந்த வயதானவர்களில் ஒருவர் உங்களைப் பெற்றவர். அவரை அழைத்து வர வேண்டியவர் யார்?

என் அப்பாவும் உங்களைப்போல் சபையில் வேதம் சொன்னவர், உபதேசியார். ஊவாப் பக்கத் தோட்டங்களில் ஊழியம் செய்தார். பாட்டி இறந்தபோது ஒரு சோடித் தோட்டுக்காக அவருக்கும் அத்தைக்கும் பேச்சு நின்றுவிட்டது. அத்தை இருந்தது பக்கத்துத் தோட்டத்தில், இரண்டு மைல்கூட இருக்காது. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, லெந்து என்கிற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, எல்லோரும் நற்கருணைக்கு எழுந்து போனார்கள். அப்பா எழும்பவில்லை. பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. அம்மா அவர் கையைத் தொட்டார், தலையை மட்டும் ஆட்டினார். அன்று பின்னேரம் மழையோடு அத்தை வீட்டுக்குப் போனார். அத்தை கதவைத் திறக்கவில்லை. இஸ்தோப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த வாரமும் போனார். மூன்றாவது முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அத்தை ஒன்றும் பேசாமல் பிளேன்டீ ஊற்றி வைத்தார். தேநீரோடு நக்கிக்கொள்ள என் உள்ளங்கையை விரித்துக் கொஞ்சம் சீனி வைத்தார். அப்புறம் அப்பாவின் கையையும் இழுத்து, சின்னப் பிள்ளைக்கு வைப்பதுபோல அதிலும் சீனி வைத்தார். தோட்டைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

அப்பா ஏன் வாங்கிலேயே இருந்தார் என்று பெரியவளான பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் ஆண்டுப் பழைய ஜெபப் புத்தகத்தில், நற்கருணை ஆராதனை தொடங்கும் முன் குருவானவருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. ஒருவருக்கொருவர் பகை வைத்திருப்பவர்கள் ஒப்புரவாகும்வரை அவர்களைப் பந்திக்குச் சேர்க்கக் கூடாது. ஒருவர் மனதார மன்னிக்கவும் தன் பக்கத்துப் பிழையைச் சரிசெய்யவும் ஆயத்தமாக இருந்து, மற்றவர் பிடிவாதமாக இருந்தால், ஆயத்தமானவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கதவு திறக்காவிட்டாலும் போய்த் தட்டியவருக்கு இடம் உண்டு என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. இப்போது அதை யாரும் வாசிப்பதில்லை. நீங்கள் வாசிக்க வேண்டும். ஐயர் வருகிற ஞாயிறு நீங்கள் கை நீட்டி அப்பத்தை வாங்குகிறீர்களா? அதையும் கடிதத்தில் எழுதவில்லை.

எங்கள் தோட்டங்களுக்குச் சுவிசேஷம் வந்த விதத்தையும் யோசித்துப் பாருங்கள். 1854-இல் தோட்டத் தொழிலாளருக்கான தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலம். அவர்கள் காலையில் பிரட்டுக்களத்திலும், வேலை முடிந்த பின் லயத்து வாசலிலும் நின்று பேசினார்கள். நடந்து, வாசல் வாசலாகப் போய் உண்டாக்கிய சபைகள் இவை. அந்த வரிசையில் வந்த நீங்கள் ஒரு வாசலை மட்டும் விட்டுவிட்டு நடக்கிறீர்கள், அதுவும் உங்கள் தாய் இருக்கிற வாசலை.

இளம் பிள்ளைகள் கொழும்புக்குப் போவதற்கு உங்கள் தியானம் காரணமில்லை, தோட்டச் சம்பளம் காரணம். அதைப் போட்டு மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் வரும்போது அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், போதும்.

இனிச் செய்ய வேண்டியது. இந்தச் சனிக்கிழமை எதுவும் எழுத வேண்டாம். ஐயருக்குப் போன் பண்ணி, இரண்டு மூன்று ஞாயிறு பாடத்தை வாசித்து ஜெபத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் சபைப் பெண்களில் நன்றாக வாசிக்கிற ஒருவரை வாசிக்க விடுங்கள். சனிக்கிழமை பின்னேரம் குறுக்குப் பாதையால் இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போங்கள். வேதப் புத்தகம் வேண்டாம், அண்ணனுக்குப் பிரசங்கம் வைக்கப் போகவில்லை. மனைவியைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அண்ணன் வந்தால், ‘அண்ணே, இத்தனை நாள் நான் வராதது பிழை’ என்று சொல்லுங்கள். அதற்குப் பின்னால் ‘ஆனால்’ என்று ஒரு சொல் வாயில் வரும், அதை விழுங்கிவிடுங்கள். அவர் ஏசினால் ஏசட்டும், மூன்று வருடம் உள்ளே வைத்திருந்தது வெளியே வர வேண்டும். பணத்தைப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு மாதம் போகட்டும், ஐயரை நடுவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதுவும் அம்மாவுக்கு என்ன தேவை என்பதில் தொடங்கிப் பேசுங்கள்.

ஞாயிறு காலை பிள்ளைகளோடு நீங்களும் அதே பாதையால் போய், ‘அம்மா, கோயிலுக்குப் போவோமா’ என்று கேளுங்கள். வர மாட்டேன் என்பார். முட்டி வலி என்பார், நல்ல சேலை இல்லை என்பார். கொஞ்சம் வற்புறுத்துங்கள், அவர் எதிர்பார்ப்பதும் அதுதான். ஆராதனை ஒன்பது மணிக்கு என்றால் எட்டரைக்கே புறப்படுங்கள். பீலிக்குக் கீழே படி ஈரமாக இருக்கும், அம்மாவின் நடைக்கு நேரம் எடுக்கும்.