ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போரில் இறந்த விளையாட்டு வீரர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜாஸ்பர் பிரெட் என்ற அயர்லாந்து ரக்பி வீரரின் பெயரும் வருகிறது. தேடிப் படித்தேன். நாட்டுக்காக ஆடியதே ஒரு ஆட்டம், அதிலும் தோல்வி. போர்முனையிலும் சாகவில்லை. அவரை ஏன் அந்தப் பட்டியலில் சேர்த்தீர்கள்?

க.

அன்புள்ள க.,

1914 மார்ச் 14 அன்று பெல்ஃபாஸ்டில் வேல்ஸுக்கு எதிராக நடந்த ஆட்டம் அது. முரட்டுத்தனத்துக்காக இன்றும் பேசப்படுவது. வேல்ஸ் 11-3 என்று வென்றது. டப்ளினுக்குத் தெற்கே கிங்ஸ்டவுனைச் சேர்ந்த பிரெட்டுக்கு அப்போது 18 வயது. அடுத்த சில மாதங்களில் போர் வந்துவிட்டது, சர்வதேச ஆட்டங்கள் நின்றுபோயின.

அயர்லாந்து ரக்பி சங்கத் தலைவர் பிரௌனிங், டப்ளினின் லேன்ஸ்டவுன் ரோடு ரக்பி மைதானத்திலேயே ஆட்டக்காரர்களைப் படைக்குத் திரட்டினார். பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையின் ஏழாவது பட்டாலியனில் அவர்களுக்கென்றே ஒரு கம்பெனி, அதாவது ஒரு சிறு படைப்பிரிவு, இருந்தது. பிரெட்டும் சேர்ந்தார். 1915 ஆகஸ்டில் துருக்கியின் கலிப்பொலியில் சூவ்லா விரிகுடாவில் இறங்கினார்கள். கிரெச் தெப்பே மலைமுகட்டில் கையெறி குண்டு இல்லாமல், துருக்கியர் எறிந்ததைப் பிடித்துத் திருப்பி எறிந்தார்கள், கல்லையும் எறிந்தார்கள். தப்பியவர்கள் பிறகு கிரேக்கத்தின் சலோனிகா போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள்.

பிரெட் உடலால் தப்பினார். ஆனால் ஷெல் ஷாக், போரின் அதிர்ச்சியில் மனம் உடைந்துபோவது. இங்கிலாந்தில் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியவர், 1917 பிப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 21.

உங்கள் கேள்வியை அன்றைய பிரிட்டிஷ் ராணுவமே கேட்டது. எதிரியின் குண்டுவீச்சால் நேரடியாக வந்த ஷெல் ஷாக் என்றால் 'காயம்' என்று பதிவு. சட்டைக் கையில் காயப்பட்டவருக்கான பட்டை அணியலாம். மற்றதெல்லாம் 'நோய்', பட்டை கிடையாது. இருபது வயதுப் பையன்களின் மனம் எந்தக் குண்டால் உடைந்தது என்று எப்படிப் பிரித்தார்களோ! எனக்கு அந்தப் பிரிவினை அன்றும் அநியாயம், இன்றும் அநியாயம்.

அதே வேல்ஸ் ஆட்டத்தில் ஆடிய வின்சென்ட் மக்நமாரா, கார்க் நகரத்துப் பொறியாளர், 1915 நவம்பரில் கலிப்பொலியில் ராணுவத்துக்காகச் சுரங்கம் தோண்டும் வேலையில் இறந்தார். அவர் பட்டியலில் இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது. பிரெட்டையும் அதே போர்தான் கொன்றது. சரி, ஆடியது ஒரு ஆட்டம்தான். அதற்குமேல் ஆட அவருக்கு யார் அவகாசம் கொடுத்தார்கள்? அவர் பெயரை நான் எடுக்க மாட்டேன்.