அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்தைச் சரியாகக் காட்டிய தொலைக்காட்சித் தொடர் எது?

என்னைக் கேட்டால் 'குரோயிங் பெயின்ஸ்'தான். 1985 முதல் 1992 வரை ஏழு சீசன் ஓடிய அமெரிக்க நகைச்சுவைத் தொடர். பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீங்களும் ஒரு அம்மா, வேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளையை யார் பார்ப்பது என்று தினமும் மல்லுக்கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

'தி காஸ்பி ஷோ'வைச் சொல்ல நிறைய பேர் வருவார்கள். நல்ல தொடர்தான், மறுக்கவில்லை. அப்பா மகப்பேறு மருத்துவர், அம்மா வழக்கறிஞர், ஐந்து பிள்ளைகள். ஆனால் யார் எதை விட்டுக்கொடுத்ததால் அந்த வீடு நடக்கிறது என்பது அதில் அவ்வளவாக வராது. 'குரோயிங் பெயின்ஸ்' தொடங்குவதே அங்கேதான். பிள்ளைகளுக்காக வீட்டிலிருந்த அம்மா மேகி மறுபடி பத்திரிகை நிருபராகப் போகிறார். மனநல மருத்துவரான அப்பா ஜேசன் தன் கிளினிக்கை வீட்டுக்கே மாற்றிக்கொள்கிறார். நோயாளிகள் ஒரு பக்கம், மைக், கேரல், பென் மூவரின் பஞ்சாயத்து இன்னொரு பக்கம்.

எங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். நான் மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரில் வளர்ந்தவள். அம்மா தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஃபேக்டரியில் ஆப்பரேட்டர். 1970களில் அங்கே ஃபேக்டரிகள் வரத் தொடங்கியதும் எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறைய பேர் கம்பெனி பஸ் ஏறினார்கள். 1985 செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறந்த பிறகு ஃபெரிக்குக் காத்துக்கிடக்கும் தொல்லையும் போனது.

அப்பா ஜொகூர் வரை லாரி ஓட்டியவர். அம்மாவுக்கு இரவு ஷிப்ட் போட ஆரம்பித்ததும் வெளியூர் ஓட்டத்தை விட்டுவிட்டு, பக்கத்து ஊரான பட்டர்வொர்த்துக்குள்ளேயே ரொட்டி வேன் ஓட்டப் போனார். சம்பளம் குறைந்தது. இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

அம்மாவின் ஷிப்ட் காலண்டர் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். இரவு ஷிப்ட் வாரத்தில் எங்களை எழுப்பி, பசியாற வைத்து, எனக்கு இரட்டைச் சடை பின்னி அனுப்புவது அப்பாதான். ஸ்டியரிங் பிடித்த கை, இழுத்த இழுப்பில் ஒரு முடி கலையாது. ரிப்பனுக்கு லாரியில் சரக்கைக் கட்டும் முடிச்சைப் போடுவார். பள்ளி விட்டு வந்ததும் அவரே அவிழ்த்தால்தான் உண்டு.

பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில், "தம்பி இப்போ நல்லா வீட்டு வேலைக்குப் பழகிட்டான்" என்று நாலு பேர் முன்னால் சிரித்தார்கள். "ஆமாண்ணே, மீன் குழம்பு நல்லாவே வைக்கிறேன், வந்து சாப்பிட்டுப் பாருங்க" என்றார் அப்பா. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தொடர் ஓடும்போது கீழே வரும் மலாய் எழுத்துகளை நான் படித்துச் சொல்வேன். ஜேசன் பிள்ளைகளை அதட்டும்போதெல்லாம், "பாத்தியா, அங்கேயும் அப்பன்தான் கத்துறான்" என்பார்.

தொடரில் வருவது நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் பெரிய வீடு, மருத்துவர் வருமானம், அதையும் பிறை அடுக்குமாடியையும் ஒப்பிடலாமா என்று யாராவது கேட்பீர்கள். வருமானத்தை நான் ஒப்பிடவே இல்லை. மனைவி வேலைக்குப் போவதற்காகக் கணவன் தன் வேலையை மாற்றிக்கொள்வதைச் சாதாரணமாகக் காட்டிய தொடர் என்கிறேன். அம்மா வேலைக்குப் போனால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பாடம் எடுக்க வருபவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போங்கள். அந்த ஷிப்ட் சம்பளத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் படித்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 முதல் இங்கே தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது, அப்பாவுக்கும் 7 நாள் உண்டு. சட்டம் இவ்வளவாவது நகர்ந்திருக்கிறது, என் மகனின் பள்ளிதான் நகரவில்லை. பெற்றோர் கூட்டம் வேலை நாளில், காலை பத்து மணிக்கு. தகவல் முந்தின இரவு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வரும், அதிலும் "தாய்மார்கள் அவசியம் வரவும்" என்று. விடுப்பு கிடைத்தால் என் வீட்டுக்காரர் போவார். "அம்மா வரலையா?" என்பதுதான் அவரிடம் கேட்கும் முதல் கேள்வி. பிள்ளையின் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேச அப்பா போதாதா? இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

சரி, தொடருக்கு வருகிறேன். முதல் சீசனிலிருந்தே பாருங்கள். கடைசி சீசனில் லியனார்டோ டிகாப்ரியோ வருகிறார் என்பதற்காக அங்கே தாவிவிடாதீர்கள். இடையில் நான்காவதாக ஒரு பெண் குழந்தை பிறக்கும்போது, வேலையா வீடா என்ற கேள்வி மேகிக்கு மறுபடியும் வரும், அதையும் விடாதீர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள், முக்கியமாக அவரை.