ஆயாவின் ஞானஸ்நானப் பதிவுக்கு இடைத்தரகர் எதற்கு?

கேள்வி: என் அம்மாவின் அம்மா, ஆயா, இளவயதில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய அக்கா குடும்பம் கடலூர் முதுநகரில் இன்றும் இந்துக்கள்தான். கல்லூரியில் படிக்கும் என் மகன் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். விசுவாசம் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். குடும்ப வரலாற்றைத் தேடினால் அவனோடும் ஆயாவின் அக்கா மகனான கடலூர் மாமாவோடும் மனம்விட்டுப் பேச வழி கிடைக்குமா? ஒருவர் பழைய பதிவுகளை எடுத்துத் தருவதாகவும், அவை பிரெஞ்சு குடியுரிமைக்கும் உதவும் என்றும் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, நெல்லித்தோப்பு)

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

புதுச்சேரியில் பழைய பேப்பர் தேடுகிறவர்களை வைத்து ஒரு கூட்டமே பிழைக்கிறது. குடும்ப வரலாறு என்று நீங்கள் வாயெடுத்தால் அவர்கள் காதில் பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றுதான் விழும். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர்களானார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ் அந்தக் கையெழுத்துக்கு ஈடாகாது. ‘பெயரைக் கொஞ்சம் சரிசெய்து வாங்கித் தருகிறேன்’ என்று அவர் சொன்னால் அது போலி ஆவணம். வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

அவர் காசுக்கு விற்கப்போவதில் பாதி இலவசமாகவே கிடைக்கிறது. புதுச்சேரி, காரைக்காலின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் படங்களை, பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள அரசு ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. எழுத்து பிரெஞ்சில் இருக்கும். உங்கள் மகன் போனிலேயே பார்த்துவிடுவான். கடலூர் பிரிட்டிஷ் பக்கம் என்பதால் அங்கே இது உதவாது.

ஆயாவின் ஞானஸ்நானப் பதிவுக்கு அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலுக்கு நேரில் போங்கள். பெயர், தோராயமான ஆண்டு, பெற்றோர் பெயர் போதும். பல பங்குகளில் இன்றும் அகரவரிசைப் பட்டியல்கூடக் கிடையாது. ஆண்டு தெரியாவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். நூறு வருடப் பதிவேட்டைக் கரையானுக்கு விட்டுவிட்டு, கணினியில் ஏற்றப்போகிறோம் என்று இன்னும் எத்தனை காலம் சொல்வார்கள்? அந்த வரியின் ஓரக்குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். 1908-க்குப் பிறகு, எங்கே, யாரோடு திருமணம் நடந்தது என்பதையும் அங்கே குறிக்க வேண்டும் என்பது திருச்சபையின் விதி.

ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். பதிவேட்டில் ஐரோப்பியக் குடும்பப் பெயர் ஒன்றைக் கண்டதும் ‘இவர் அப்போதே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டார்’ என்று முடிவுகட்டுகிறார்கள். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணையின்படி, சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க முடிந்தது. ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லபோர்த் ஆனது அப்படித்தான். துறந்தவர்களில் கிறிஸ்தவர்கள் அதிகம். ஆனால் இந்துக்களும் இருந்தார்கள். மாறியது சட்ட நிலை, மதம் அல்ல. எதிர்ப்பக்கமும் பாருங்கள்: எத்தனையோ கிறிஸ்தவக் குடும்பங்கள் துறக்கவே இல்லை, தமிழ்ப் பெயரோடே இருந்தன. ஆகவே பெயரை வைத்து விசுவாசத்தைக் கணக்கிடாதீர்கள். மகன் தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டான்.

அவனிடம் ‘முன்னோர் நம்பினார்கள், நீயும் நம்பு’ என்று தொடங்காதீர்கள். ஆயாவின் பதிவை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஞானஸ்நானத்தின்போது ஆயாவுக்குத் துணைநின்ற ஞானத்தாயின் பெயர் அதில் இருக்கும். அந்தப் பெண் யார், பக்கத்து வீடா, வேலை பார்த்த வீடா, ஆயா ஏன் அவரை நம்பினார் என்று நீங்களே அவனைக் கேளுங்கள். உங்களுக்கும் விடை தெரியாத கேள்வியாக இருப்பதுதான் நல்லது. சாதியைப் பற்றி அவன் கட்டாயம் கேட்பான். பழைய பதிவேடுகளில் சாதி எழுதியிருப்பதை மறைக்காதீர்கள். புதுச்சேரியின் கத்தோலிக்கத் தேவாலயமான சம்பா கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரையும், 1745-இல் அதை இடித்தபோது எழுந்த தகராறையும் அக்காலத்தில் இங்கே வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையே தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தச் சுவர் இருந்த கோயிலில் ஏழைகள் எதை நம்பி மண்டியிட்டார்கள் என்பதைத் தாயும் மகனும் உட்கார்ந்து பேசலாம். அதைவிட நேர்மையான விசுவாசப் பேச்சு எனக்குத் தெரியவில்லை.

கடலூர் மாமாவிடம் பதிவேட்டில் இல்லாதது இருக்கலாம். அவர் அமாவாசைத் தர்ப்பணம் கொடுப்பவரானால், அப்பா வழியில் மூன்று தலைமுறைப் பெயரோடு அம்மாவின் அப்பா வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர் சொல்வார். அந்த அம்மாவின் அப்பா யார்? உங்கள் ஆயாவுக்கும் அப்பா அவர்தானே! ஆயாவின் முன்னோரை மாதாமாதம் பெயர் சொல்லி அழைப்பது அந்த வீடு. குலதெய்வம் எது, எந்த ஊர் என்றும் கேளுங்கள். ஊர்ப் பெயர் கிடைத்தால் தேடல் பாதி முடிந்தது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவரும் கேட்பார். சொல்லுங்கள்.

ஜெபப் புத்தகம், துண்டுப் பிரசுரம் எதையும் எடுத்துப் போகாதீர்கள். மதம் மாற்ற வந்திருக்கிறாள் என்று ஒருமுறை தோன்றிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். ஒலிப்பதிவு செய்வதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பதிவை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.