ஊட்டியில் ஹாஸ்டலில் இருக்கும் மாணவர் மெஸ் பிடிக்காமல் வெளியில் சாப்பிட்டால், கட்டிய மெஸ் பணம் திரும்பக் கிடைக்குமா?

மெஸ் கணக்கு எந்த முறையில் ஓடுகிறது என்று முதலில் கேளுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையாக வாங்கும் இடத்தில் பெரும்பாலும் பைசா திரும்பாது. டிவைடிங் சிஸ்டம், அதாவது மாதச் செலவைச் சாப்பாட்டு நாள் கணக்கில் வகுத்துப் பங்கு போடும் முறை என்றால், இல்லாத நாளுக்குக் கழிவு உண்டு, ஆனால் அந்த நாட்களை முன்னாலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சாப்பிடாமல் விட்டாலே பணம் மிச்சம் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 120 பேர், 30 நாள், ஆக 3600 சாப்பாட்டு நாள். மளிகை, காய், பால், கேஸ் எல்லாம் சேர்த்து 3,84,000 ரூபாய் ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனவர்கள் எழுதிக் கொடுத்ததில் 400 நாள் கழிந்தால் மீதி 3200. நாளுக்கு 120 ரூபாய் விழும். 24 நாள் இருந்தவர் 2880 கட்டுவார். யாருமே எழுதிக் கொடுக்கவில்லை என்றால் நாள் கணக்கு 106.67 என்று குறைவாகத் தெரியும். ஆனால் அதே ஆள் 30 நாளுக்கும் சேர்த்து 3200 கட்ட வேண்டி வரும். சமையல்காரர் சம்பளம் இதில் சேராது. அது எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ் என்று தனியாக வரும், எத்தனை நாள் லீவு போட்டாலும் குறையாது.

பல ஹாஸ்டல்களில் தொடர்ந்து மூன்று நாளாவது இல்லாமல் இருந்தால்தான் ரிடக்‌ஷன். சனிக்கிழமை காலை கோவைக்கு இறங்கி ஞாயிறு ராத்திரி மலையேறுகிறவருக்கு ஒன்றும் கழியாது. வார்டனிடம் பேசுவதென்றால் இந்த விதியைப் பற்றிப் பேசுங்கள். 'வெளியே சாப்பிட உரிமை' என்று ஆரம்பித்தால் பேச்சு நகராது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது: உலையில் அரிசி போட்ட பிறகு முப்பது பேர் வரவில்லை என்றால் மிச்சம் கொட்டத்தான் வேண்டும். முதல் நாள் சாயங்காலமே பேர் எழுதும் நோட்டு, ஒரு வேளைக்கும் கழிவு என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் ஒத்து வரும்.

மலை என்பதால் வரும் சிக்கல் வேறு. 2240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த அண்டாவில் துவரம்பருப்பு சீக்கிரம் குழையாது, சோறு நடுவில் விறைப்பாக நிற்கும். ஸ்டீம் பாய்லரோ பெரிய குக்கரோ இல்லாத மெஸ்ஸில் கேஸ் செலவு ஏறும், அதுவும் உங்கள் பில்லில்தான் வரும். டிசம்பர், ஜனவரியில் சாயங்காலம் அரைத்த இட்லி மாவு விடியற்காலை வரை அப்படியே கிடக்கும். வாரத்தில் நாலு நாள் உப்புமா போடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான், சமையல்காரரின் சோம்பல் இல்லை. மத்தியானமே வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பாய்லர் பக்கத்தில் சாக்கு சுற்றி வைத்தால் மாவு பொங்கும். மெஸ் கமிட்டி கேட்க வேண்டிய மாற்றம் இந்த மாதிரிதான்.

சைவம் அசைவம் சண்டை எல்லா ஊரிலும் உண்டு. கோழியும் முட்டையும் பொதுக் கணக்கில் போனால் சைவம் சாப்பிடுகிறவர் தலையிலும் அந்தப் பங்கு விழும். அடிப்படைச் சாப்பாடு பொதுவில், முட்டை, ஆம்லெட், கறி எல்லாம் எக்ஸ்ட்ரா டோக்கனில் என்று பிரித்தால் தீர்ந்தது. டோக்கன் மாதக் கடைசியில் காலாவதி ஆகுமா, அடுத்த மாதம் செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணமாக வாங்கி மிச்சத்தை விழுங்குவது அங்கேதான் நடக்கும்.

அரசு நல விடுதி என்றால் கதையே வேறு. கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023-இல் 1100-லிருந்து 1500 ரூபாயாக உயர்ந்தது. முப்பது நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 50 ரூபாய். அது மாணவர் கைக்கு வராது, ஆகவே வெளியே சாப்பிட்டால் முழுக்க சொந்தக் காசுதான்.

வெளியில் வாங்குவதானால் ஒரு எவர்சில்வர் தூக்கு கையில் இருக்கட்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, சாம்பாரைக் காகிதத்தில் கட்டித் தரமாட்டார்கள். கேட் அடைக்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். ஊட்டியின் கடைப்பகுதியான சாரிங் கிராஸ் போய் ராத்திரி டிபன் முடித்துவிட்டுத் திரும்ப பஸ் கிடைக்குமா என்று பார்த்தால், பாதி நாள் வர்க்கியும் டீயும்தான் உங்கள் சுதந்திரம். ரூமில் கெட்டில் வைத்துச் சமாளிக்கலாம் என்றால், ஹீட்டரும் கெட்டிலும் ஒரே பிளக்கில் ஓடினால் ஃபியூஸ் போகும், வார்டன் இரண்டையும் எடுத்துக்கொண்டு போவார்.

பில் சந்தேகமாக இருந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கேளுங்கள்: ஆரம்ப இருப்பு, அதோடு வாங்கியது, அதிலிருந்து மாதக் கடைசி இருப்பைக் கழித்தது, இதுதான் அந்த மாதச் செலவு. கல்வியாண்டு முடியும்போது சில இடங்களில் அந்தக் கடைசி இருப்பைக் கழிக்க மறந்துவிடுவார்கள். மூட்டை மூட்டையாக அரிசி அடுத்த ஆண்டு மாணவருக்குப் போகும், காசு இந்த ஆண்டு மாணவருடையது. கடைசி வருடம் படிக்கிறவர் டெபாசிட்டைத் திரும்ப வாங்கும் முன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.