இரத்தப் புற்றுநோய்க்கு வெறும் மாத்திரை போதுமா?

மோல்மேனில் இருக்கும் தாய்மாமனுக்கு இரத்தப் புற்றுநோய், ஆனால் கீமோ வேண்டாம், தினம் மாத்திரை போதும் என்கிறாராம் டாக்டர். நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் யாரும் நம்பவில்லை. யாங்கோனில் அப்பா ஐந்து வருஷமாக இமாட்டினிப் என்ற அப்படியொரு மாத்திரையில்தான் இருக்கிறார். இன்றைக்கும் கடையைத் திறப்பது அவர்தான்.

முதலில் எந்த வகை என்று கேளுங்கள். சி.எம்.எல். (மெதுவாக வளரும் ஒரு வகை வெள்ளணுப் புற்றுநோய்) என்றால், அதுவும் முற்றாத கட்டம் என்றால், டாக்டர் சொல்வது சரி. அதில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் நுனியை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற புது மரபணு உண்டாகிறது. அது உண்டாக்கும் புரதம் வெள்ளணுக்களைப் பெருகு பெருகு என்று ஓயாமல் விரட்டுகிறது. இமாட்டினிப் அந்தப் புரதத்தில் போய் உட்கார்ந்து அதை வேலை செய்யவிடாமல் அடைத்துவிடும். குட்டையான அந்த 22-ஆம் குரோமோசோமை ஃபிலடெல்ஃபியாவில் கண்டது 1960-இல்; மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2001-இல்.

ஏ.எம்.எல். என்ற, வேகமாக முற்றும் அக்யூட் வகை என்றால் கதை வேறு. எஃப்.எல்.டி.3 மரபணுவில் கோளாறு இருந்தால் மிடோஸ்டாரின் கொடுப்பார்கள், ஆனால் கீமோவோடு சேர்த்து. ஐ.டி.எச்.1 கோளாறுக்கு ஐவோசிடெனிப், ஐ.டி.எச்.2-க்கு எனாசிடெனிப். ஒன்றுக்கு உரியது இன்னொன்றுக்கு உதவாது. அதனால் மரபணு டெஸ்ட் எடுக்காமல் மாத்திரையைத் தொடாதீர்கள். சி.எம்.எல்.லுக்கு எடுக்கும் டெஸ்டுக்கும், கோவிட் டெஸ்டைப் போலவே, பி.சி.ஆர். (PCR) என்றுதான் பேர்; கோவிட் சமயம் அது, அப்பா மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் இதற்கு எடுப்பது கையில் இரத்தம்தான்.

எங்களுக்கு வந்த வினை வேறு. எட்டாவது மாதம் வெள்ளணு எண்ணிக்கை சரியாகிவிட்டது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்தார், யாரிடமும் சொல்லாமல். மாத்திரை அட்டை தீராமல் கிடப்பதைப் பார்த்து அம்மாதான் பிடித்தார். அதற்குள் 0.6 சதவீதத்துக்கு இறங்கியிருந்த பி.சி.ஆர்-ஏ.பி.எல். அளவு 4-க்கு ஏறிவிட்டது. மூன்று மாதத்தில் 10-க்குக் கீழே, ஒரு வருஷத்தில் 0.1-க்கு வர வேண்டும் என்பது கணக்கு. மறுபடி ஒழுங்காகப் போட்டதும் இறங்கியது, ஆனால் எல்லோருக்கும் அப்படி இறங்காது. மாத்திரைக்கே மசியாதபடி அந்த மரபணுவில் புது மாற்றமும் வரலாம், அப்போது மருந்தையே மாற்ற வேண்டும்.

இமாட்டினிப்பால் சில தொந்தரவுகளும் வரலாம். காலையில் கண் இமை வீங்கும், அழுத மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ராத்திரி கெண்டைக்காலில் பிடிக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்டுவிட்டு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போடச் சொல்லுங்கள்.

விலைக்குப் பயப்பட வேண்டாம். இமாட்டினிப்பின் புது வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. இந்தியக் கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்கின்றன. எங்கள் வீட்டு அட்டையும் இந்தியச் சரக்குதான்.

அப்புறம், மருந்துச் சீட்டில் கிரேப்ஃப்ரூட் கூடாது என்று இருக்கும். நம் ஊரில் அது எங்கே என்று விட்டுவிடாதீர்கள், பம்பளிமாஸும் அதே குடும்பம். மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடலாம். நோய் என்று சொன்னபோதுகூட அப்பா இவ்வளவு வருத்தப்படவில்லை.